கயிற்றுச் சடை

என் கணவர் எனக்குச் சடை போட்டுவிடுவார் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார். பசுவந்தனைப் பக்கம் ஆடும் மாடும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. மாட்டுக்குக் கயிறு திரிக்கத் தெரியும், மெஷினைக் கழற்றி மாட்டத் தெரியும், வீட்டில் வாயைத் திறக்காமல் நாள் முழுக்க இருக்கத் தெரியும். எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிற வரைக்கும் அவளுக்குச் சடை போட்டதெல்லாம் நான்தான். அப்படிப்பட்ட மனிதர் போன ஐப்பசியிலிருந்து தினமும் காலையில் சீப்பும் கையுமாக என் பின்னால் வந்து நின்றார்.

எல்லாம் கரிசல் மண் செய்த வேலை. விதைப்பு பார்க்க அவருடைய ஊருக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் நல்ல மழை. தார் ரோட்டுக்கு வரும் முன்பே மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டது. "இறங்கு, மண்ணக் குத்தி எடுக்கணும்" என்றார். இறங்கினேன். செருப்பு மண்ணோடு நின்றுகொண்டது, நான் மட்டும் முன்னால் போனேன். வண்டி விழவில்லை, ஓட்டியவர் விழவில்லை, இறங்கி நின்றவள் விழுந்தேன். கருவைக் குச்சியும் கையுமாக அவர் திரும்பிப் பார்த்தபோது நான் வலது கையை ஊன்றியபடி சேற்றில் கிடந்தேன்.

தோளுக்குப் பக்கத்தில் எலும்பில் விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, அசைக்காமல் கழுத்தோடு தொட்டில் கட்டி வைத்தால் தானே கூடிவிடும் என்றார் டாக்டர். கூடியும் விட்டது. ஆனால் தொட்டிலை அவிழ்த்த பிறகு கை தோள் உயரத்துக்குமேல் ஏற மறுத்தது. அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது, பயிற்சி செய்யச் செய்யத்தான் இளகும் என்றார்கள். சாப்பிட முடிந்தது, எழுத முடிந்தது. கரும்பலகையின் கீழ்ப் பாதியில் கணக்குப் போட முடிந்தது. தலையை மட்டும் தொட முடியவில்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். சடை தளர்ந்து வருகிற பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி மறுபடி பின்னச் சொல்லுகிறவள். லீவு முடிந்து, நானே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எப்படிப் போவேன்? "பேசாம கட் பண்ணிரும்மா, ஈஸியா இருக்கும்" என்று மகள் ஃபோனில் சொன்னாள். அவளை வைத சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது. எதிர்வீட்டுக்காரியிடம் போய்த் தினமும் தலையைக் கொடுக்க என் ரோஷம் விடவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார், பஞ்சு ஒட்டிய சட்டையோடு. பிறகு கை கால் கழுவிவிட்டு வந்து, "திரும்பி உக்காரு" என்றார்.

சடை போடத் தெரியாவிட்டால் என்ன, கயிறு தெரியுமே. முடியை மூன்றாகப் பிரித்தார். பிரித்ததோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு புரியையும் உள்ளங்கையில் வைத்து முறுக்கேற்றி, பிறகு மூன்றையும் எதிர்ப்பக்கம் முறுக்கி, இழுத்து, நுனியில் ரப்பர் பேண்டுக்குப் பதிலாகக் கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். எனக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டன. கண்ணாடியில் பார்த்தேன். வாளி கட்டிக் கிணற்றில் இறக்கலாம், அவ்வளவு உறுதி.

"வலிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். பொய்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு அக்கறை இருந்தது, வேறு என்ன சொல்ல?

அன்று பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது என்ன சடை டீச்சர்? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். கிண்டலா ஆசையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்க வீட்டு அவிய போட்டுவிட்டாவ" என்று வகுப்பில் பேசக்கூடாத தமிழில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. தினமும் என் முதுகுப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தார்கள்.

கை போனதில் இன்னொன்றும் நின்றுபோனது. சனிக்கிழமைதோறும் அவருக்கு நான் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேன். அது எங்கள் வீட்டில் கல்யாணத்திலிருந்து மாறாத வழக்கம். கட்டு அவிழ்த்த முதல் சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "இடது கையாலயாவது தேய்க்கேன், வாங்க" என்றேன். "வேண்டாம். எண்ணெ இப்பம் ஒத்துக்க மாட்டேங்கு, சளி பிடிக்கி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வயசாகிறது, பஞ்சுத் தூசி வேறு என்று நானும் விட்டுவிட்டேன்.

டாக்டர் சொன்ன பயிற்சிகளை வீட்டில் செய்து பார்த்தேன். செய்தேன் என்றால், அடுப்பில் பால் வைத்துவிட்டு இரண்டு தரம் கையை ஆட்டுவேன், பால் பொங்கும், ஓடிவிடுவேன். பொங்கலுக்கு வந்த மகள் ஒருநாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டு, பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கிற ஜிம்மில் என்னை ஒரு வருஷத்துக்குச் சேர்த்துவிட்டுப் போய்விட்டாள். சேர்ந்ததற்கு ஒரு பனியன் இலவசம். அதில் கழுத்தே இல்லாத ஒரு தடியன் படம். அதை அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு உளுந்து பறிக்கிற இடத்துக்குப் போய் நின்றார். ஊரே சிரித்திருக்கிறது.

"காசு குடுத்துப் பளு தூக்கப் போறியாக்கும்? எங்க ஊர்ல கூலி குடுத்துத் தூக்கச் சொல்லுவாங்க" என்றார்.

"அங்க போய்த் தூக்கட்டுமா அப்பம்?"

"வேண்டாம்மா, ஜிம்முக்கே போ" என்று உடனே இறங்கிவந்தார்.

சாயங்காலம் பெண்களுக்கான நேரம். மாடிப்படிக்குக் கீழே கோயில் வாசல் மாதிரி செருப்பு குவிந்து கிடக்கும். ஷூ போட்டுக்கொண்டு மேலே வாருங்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும் எங்களில் யாருக்கும் மனசு வராது. மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே ஓட ஆரம்பிக்கிற அம்மா ஒருத்தி உண்டு. துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு, மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே சைக்கிள் மிதிக்கிற கூட்டம் ஒன்று. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானும் என் கயிறும் தெரிந்தோம்.

சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவள், முழங்கால் போய், மீண்டு வந்தவள். அதனால் என்னை ஏமாற்ற விடவில்லை. நான் கையைத் தூக்கினால் தோளும் சேர்ந்து காதுக்கு ஏறும், உடம்பு ஒரு பக்கம் சாயும், கை ஏறிவிட்ட மாதிரி எனக்கே தோன்றும். "டீச்சர், கள்ளக் கணக்குப் போடாதீங்க. தோள எறக்குங்க, கைய மட்டும் ஏத்துங்க" என்பாள். தோளை இறக்கினால் கை பழைய இடத்திலேயே நிற்கும். கப்பியில் ஓடுகிற கயிறு ஒன்று இருந்தது. நல்ல கையால் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனியில் இருக்கிற கெட்ட கை மெல்ல மேலே போகும். வலி உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன்.

மாசியில் ஒரு வாரம் அந்தப் பெண் ஏதோ ஹாக்கிப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஜிம் பூட்டு. எனக்குள்ளே இருந்த சோம்பேறி மகிழ்ந்துபோனாள். மறுநாள் விழித்துப் பார்த்தால், குளியலறை நிலைக்கு மேலே ஒரு பழைய கிணற்றுக் கப்பி தொங்குகிறது. அதில் புதுக் கயிறு, இரண்டு நுனியிலும் கைக்கு உறுத்தாமல் துணி சுற்றியிருந்தது. ஊருக்குப் போய்க் கப்பியை எடுத்துவந்து, கயிற்றை அவரே திரித்திருக்கிறார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் சும்மா கெடந்தா மறுபடி பிடிச்சுக்கிடும்லா" என்றார். துணி சுற்றிய நுனியைத் தடவிப் பார்த்தேன். ஆனாலும், "நிலையில ஆணி அடிச்சுட்டீங்களே, வீட்டு ஓனர் வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் பல் விளக்கப் போனேன்.

இதற்குள் சடை நேரம் எங்கள் வீட்டில் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஷிப்ட் வேலைக்காரரும் பள்ளிக்கூடத்துக்காரியும் சேர்ந்து வாழ்கிற வீட்டில் பேச்சு என்று பெரிதாக இருக்காது. பால் வாங்கியாச்சா, மோட்டார் போட்டாச்சா, மகள் ஃபோன் பண்ணினாளா, அவ்வளவுதான். என் பின்னால் நின்று முடியைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு அவர் பேச ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்து வராத பேச்சு முதுகைப் பார்த்து வந்தது. கடைசி மாட்டை விற்றுவிட்டு வந்த அன்று அவருடைய அப்பா கயிற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியதைச் சொன்னார். மில்லில் புது மெஷின் வந்தால் தன்னை வைத்துக்கொள்வார்களா என்ற பயத்தைச் சொன்னார். ஒருநாள் முறுக்கை நடுவில் நிறுத்திவிட்டு, "நீ சேத்துல கெடந்த அன்னைக்கு எனக்குக் கை கால் ஓடல. வண்டிய நான் அந்தப் பாதையில விட்டிருக்கக் கூடாது" என்றார். நான் திரும்ப முயன்றேன். சடையைப் பிடித்துக்கொண்டு திரும்ப விடவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த மனிதரை அந்தக் காலை நேரங்களில்தான் எனக்குத் தெரியவந்தது. அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பங்குனி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜிம்மில் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தோளை இறக்கி, கையை மட்டும் ஏற்றினேன். காதைத் தாண்டியது. உச்சந்தலையைத் தொட்டது. அப்படியே பின்னால் போய்ச் சடையின் அடியைப் பிடித்தது. கயிறு திரிக்கிறவர் எப்படிப் போட்டிருக்கிறார் என்று அன்றுதான் என் விரலுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மருமகளைப் பற்றிப் பேசுகிற கூட்டம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கை தட்டியது. நான் அழுதேன், சிரித்தேன், யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு கீழே இறங்கி மறுபடி ஏறி வந்து மாற்றிக்கொண்டு போனேன்.

ஆட்டோவில் வரும்போதுதான் சந்தோஷம் பாதியானது. நாளைக்கு நானே சடை போட்டுக்கொள்வேன். அவர் என்ன செய்வார்? பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். பால் வாங்கியாச்சா, மோட்டார் போட்டாச்சா. கையைத் திரும்ப வாங்கப் போய்ப் பேச்சைத் தொலைக்கப் போகிறேனோ என்று பயமாக இருந்தது. கை ஏறவில்லை என்று இன்னும் கொஞ்ச நாள் நடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எனக்காகக் கப்பி கட்டிய மனிதரிடம் நடிப்பதற்கு மனசு வரவில்லை. அன்று அவருக்கு ராத்திரி ஷிப்ட். நான் வீடு வந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார், சொல்ல வாய்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவர் மில்லிலிருந்து வருவதற்கு முன்னால் கண்ணாடி முன் உட்கார்ந்து நானே பின்னிக்கொண்டேன். நடுவில் கை கடுத்தது, இரண்டு தரம் இறக்கி ஓய்வு கொடுத்தேன். கோணல் மாணலாக, தளர்வாக, ஆனால் என் சடை. அவர் வந்தார், கை கால் கழுவினார், வழக்கம்போல ஜன்னலிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு திரும்பினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"கை ஏறிட்டா?"

"ஏறிட்டு" என்றேன். தூக்கிக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது. பிறகு சீப்பை ஜன்னலில் திரும்ப வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். முடிந்தது, இனி பேப்பர்தான் என்று நினைத்தேன். உள்ளே டப்பா உருட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"சளி பிடிக்கும்னு சொன்னீங்க?" என்றேன்.

"அது ஒன் கைக்காகப் பிடிச்ச சளி" என்றார்.

இத்தனை மாதமாக ஒரு சனிக்கிழமைகூட அவர் தலையில் எண்ணெய் படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் தேய்த்து நான் சிரமப்படக் கூடாதென்று மனிதர் இல்லாத சளியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாக அவர் உட்காருகிற மணைப்பலகையை இழுத்துப் போட்டேன்.

"அது வேண்டாம், நின்னுக்கிடுதேன்" என்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். என்னைவிட ஒரு முழம் உயரம் அவர். "ஒக்காந்தா ஒன் கை எங்க ஏறும்? கைய ஏத்துட்டி, தோள எறக்கு" என்றார்.

உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, தோளை இறக்கி, கையை மட்டும் ஏற்றினேன். உச்சந்தலை எட்டியது. எண்ணெய் அவர் காதோரம் வழிந்தது. "அப்பம் ஒரு விஷயம் சொல்லணும்" என்று நான் அவர் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.