வளர்ப்புக்கு மட்டும்

வேன்காரம்மாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பதினேழு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எந்த வாண்டு வயிற்றுவலி என்று நடிக்கும், எந்த அப்பா "இதோ கிளம்பிட்டா" என்று புளுகுவார், எல்லாம் அத்துப்படி. அப்பேர்ப்பட்டவளையே ஒருத்தி அக்கா, அக்கா என்று கூப்பிட்டே கவிழ்த்துவிட்டாள்.

அந்த ஒருத்திக்குக் குழந்தைகள் நல அலுவலகத்தில் வேலை. பெற்றவர்கள் யாரென்றே தெரியாத எட்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். "இப்போதைக்கு வளர்ப்புக்குன்னு வச்சுக்கோங்கக்கா. தத்து தானா உங்களுக்கே வந்துடும். நான் இருக்கேன்ல?" ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். குட்டியைக் கொஞ்சுவாள், டீ குடிப்பாள், படிவத்தின் அடியில் விரலை வைப்பாள். வேன்காரம்மா கையெழுத்துப் போடுவாள். மேலே உள்ள கட்டங்களை வந்தவள் ஆபீசில் போய் நிரப்பிக்கொள்வாள். தங்கச்சி மாதிரி பழகுகிறவளிடம் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவார்கள்?

நாலு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. தேசியத் தத்துப் பட்டியலில் முன்னால் நின்ற ஒரு தம்பதிக்குக் குட்டியை ஒதுக்கியாகிவிட்டதாம். ஒதுக்குவதற்குக் குட்டி என்ன ரயில் சீட்டா?

வேன்காரம்மா ஓடினாள். மாவட்டத்தில் கேட்டால் மாநில விதி என்றார்கள். மாநிலத்தில் கேட்டால் தலைநகரத்துச் சட்டம் என்றார்கள். தலைநகரத்துக்கு ஃபோன் போட்டால், "உங்க மாவட்டம் அனுப்பின காகிதத்தை வச்சுத்தாம்மா முடிவு பண்ணோம்" என்று வைத்துவிட்டார்கள். நல்லா இருக்கு நியாயம்!

மறுபடி மாவட்டம். அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார். எட்டுப் படிவம். எட்டிலும் 'தத்தெடுக்க விருப்பமில்லை' என்ற கட்டத்தில் டிக். கீழே அவள் கையெழுத்து. 

அலுவலக வராந்தாவில், அக்கா அக்கா என்று குழைந்தவளை மடக்கினாள். "நீயா டிக் போட்ட?"

"தத்து கேக்கறவங்களுக்கு வளர்ப்புக்குக் குழந்தை தரக்கூடாதுன்னு விதிக்கா. உண்மையைப் போட்டிருந்தா அன்னிக்கே குட்டியை மாத்தியிருப்பாங்க. எனக்கும் வேற வீடு கிடைக்கல. உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதுக்கா? அடிப்பாவி! சொல்லியிருந்தா அன்னிக்கே நானும் பட்டியல்ல பேர் குடுத்திருப்பேனே!"



மனுப் போட்டுப் பார்த்தாள் வேன்காரம்மா. "கையெழுத்து உங்களோடதுதானே?" என்றார்கள். இல்லையென்று எப்படிச் சொல்வாள்?

ஒப்படைக்கும் நாள். வந்த தம்பதி நல்ல மாதிரிதான், திட்டக்கூட முடியவில்லை. குட்டி வேன்காரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அக்கா போட்டவள் காதோரம் வந்தாள். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னாத்தான் நம்பும்."

வேன்காரம்மாவுக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் பிள்ளை விக்கி விக்கி அழுதது.

"ஞாயித்துக்கிழமை அம்மா வந்துடுவேன்டி கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

குட்டி உடனே கையை எடுத்துவிட்டாள். தானே காரில் ஏறி உட்கார்ந்து, தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.