முதலாளிக்கு நான் இமாமாக நின்ற லுஹர்

அச்சகத்தில் பல மாதச் சம்பளம் நின்றுபோனது. கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்ப்பது என் வேலை. ஊரார் பெயரில் கொம்பு விடுபடாமல் காத்தவனால் வீட்டு வாடகை கட்ட முடியவில்லை. மாதக் கடைசிக்குள் பாக்கி வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். நிறையப் படித்தவன்தான். அந்த நேரத்தில் ஒரு புத்தகமும் உதவவில்லை.

முதலாளி சுல்தான் அண்ணன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தல்லாகுளம் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். ஐந்து வேளைத் தொழுகை முடிந்தும் கையேந்தி துஆ கேட்டேன். துஆ என்பதைவிட, அல்லாஹ்விடம் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை என்பதே சரி. அண்ணன் எப்படியெல்லாம் நாசமாகலாம் என்று சந்திப்பிழை இல்லாமல் யோசனை சொன்னேன்.

"இம்புட்டு நேரம் என்னத்தக் கேக்குறீங்க? சம்பளத்தக் கேக்க ஒரு நிமிஷம் பத்தாதா?" என்றாள் மனைவி.

விசாரணைக்கு இரண்டு முறை வராத அண்ணன் மூன்றாம் முறை வந்தார். அதிகாரி முன்னால் இருவரும் கத்தினோம். "சாப்பிட்டு வந்து பேசுவோம்" என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

லுஹர், நண்பகல் தொழுகை நேரம். கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு அலுவலக வாசல் மரத்தடிக்கு வந்தால், ஈரக் கையோடு அண்ணனும் வருகிறார். இரண்டு பேர் இருந்தால் ஜமாஅத், கூட்டுத் தொழுகை. ஒருவர் தொழுகையை நடத்தும் இமாமாக நிற்க வேண்டும்.

"நீங்க நில்லுங்கண்ணே."

"நீதான் நல்லா ஓதுவ. நில்லு மாப்ள."

"கேஸ் போட்டவன நம்பி எப்படிண்ணே நிப்பீங்க?"

"கேஸு அந்தா மாடில இருக்கு. நீ தக்பீர் கட்டித் தொழுகைய ஆரம்பி."

துண்டை விரித்தார். பின்தொடர்பவர் ஒருவரே என்றால் இமாமின் வலப்பக்கம் ஒட்டி நிற்பது முறை. நின்றார். தொழுது முடித்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேன். 'உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும்' என்பது நேராக அவர் காதில் போய் விழுந்தது.

அடுத்து துஆ. நான் கேட்க வேண்டும், அவர் ஆமீன் சொல்ல வேண்டும். தயாரித்து வைத்திருந்த எதுவும் வாய்க்கு வரவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறாரே.

"யா அல்லாஹ், எங்க ரெண்டு பேரு கஷ்டத்தையும் நீக்கு" என்றேன். அவ்வளவுதான்.

"ஆமீன்" என்றார். அண்ணன் உள்ளங்கைகளில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"உன் மூஞ்சியப் பாக்கக் கூசித்தான்டா போன எடுக்கல. மிசின் ஒண்ண வாங்க ஆள் நிக்குது. எனக்குத்தான் விக்க மனசு வரல. வித்துர்றேன்."

அதிகாரி முன்னால் பாதியை அந்த வாரமே தருவதாகவும், மீதியைத் தவணையில் தருவதாகவும் கையெழுத்திட்டார். தந்தும்விட்டார். வீடு தப்பியது. அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்று அச்சகம் ஒற்றை மிஷினில் ஓடுகிறது. சம்பளம் தவறுவதில்லை. என் துஆக்களும் சுருங்கிவிட்டன.

சம்பளம் நின்றுபோன சகோதரர்களே, மனுவும் கொடுங்கள், துஆவும் கேளுங்கள். அல்லாஹ் கேட்கிறான், நான் கண்டேன். ஆனால் தராதவர் உங்கள் தோளை ஒட்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு கேளுங்கள். அவரும் ஆமீன் சொல்லும்படி இருக்கட்டும்.