மண்ணுக்குள் வெந்த கிழங்கும் அம்மாவின் பதிலும்

அம்மாவுக்கு மணம் தெரியாமல் போய் எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காய்ச்சலோடு போனது. காய்ச்சல் மாறியது, மணம் திரும்பவில்லை. இது அவருக்கும் வைத்தியருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. பெருவுக்குப் போகும் விமானத்தில் எனக்கும் சொன்னார்.

அம்மாவின் பெயர் குணவதி. ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறார். தாளிதத்தின் மணத்தை வைத்தே அடுப்பைக் குறைக்கிறவர், இந்த எட்டு மாதமும் கண்ணையும் காதையும் பழக்கத்தையும் வைத்துச் சமாளித்திருக்கிறார். கடை முதலாளி றமேஸ் யூனியன்வில்லில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார். அங்கே குசினிக்குப் பொறுப்பாக வரும்படி அம்மாவைக் கேட்டிருந்தார். பதில் சொல்ல இரண்டு கிழமைத் தவணை வாங்கிக்கொண்டு அம்மா என்னோடு புறப்பட்டு வந்துவிட்டார்.

எனக்குக் குஸ்கோ நகரத்தில் ஒரு மாநாட்டில் பதினைந்து நிமிடம் பேச இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் கட்டுரை, சமையற்காரர்களின் கைப்பக்குவத்தைப் பற்றியது. அதை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், அடுத்த அறையில் படுத்த சமையற்காரி ஒருத்திக்கு என்ன நடந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. மேடையில் நின்று மேற்கோள்களை வாசித்தபோது, கடைசி வரிசையில் குளிர் ஜாக்கெட்டோடு இருந்த அம்மாவைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள் மதியம், நகரத்துக்கு வெளியே ஒரு மலைக்கிராமத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். எர்மிலா என்ற பெண்ணும் அவரது மருமகளும் நடத்தும் கடை. முதலில் கீன்வா தானியம் போட்ட சூப் வந்தது. அம்மா கைப்பையைத் திறந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார். வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூள். ஒரு கரண்டி கூடக் குடித்துப் பார்க்காமல் அதைச் சூப்பின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

எர்மிலா அதைப் பார்த்துவிட்டார். முகம் இறுகியது. அம்மாவின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"அம்மா, ப்ளீஸ்! இங்கையுமா?" என்றேன்.

"எனக்கு உறைப்பு ஒண்டுதான் வடிவாத் தெரியுது. உனக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். அவக்குத் தெரியாதே. சமைச்ச ஆளுக்கு முன்னாலை தூள் போட்டா என்ன நினைப்பா?"

அம்மா போத்தலை மூடினார். "ஓம், பிழைதான். என்ரை குசினியிலை எவளும் உப்பிடிச் செய்திருந்தா நான் சட்டியோடை தூக்கி எறிஞ்சிருப்பன். வா, போய்ச் சொல்லுவம்."

"என்னத்தை?"

"எனக்கு மணமில்லை எண்டு. ஒருத்தருக்கும் சொல்லாமலே பழகிப் போச்சு. ஒருக்கா சொல்லிப் பாப்பம், வாய் வருதோ எண்டு."

அம்மா தூள் போட்ட காரணம் தெரிந்திருந்தும் நான் வெட்கப்பட்டேன் என்பதை அந்த நேரத்தில்தான் உணர்ந்தேன். படிப்பு தந்த வெட்கமா, முன்பே இருந்ததா, இன்னும் எனக்குத் தெளிவில்லை.

பின்முற்றத்தில் இரண்டு முழ அகலத்தில் ஒரு குழி. அதற்குள் நெருப்பில் காய்ந்து வெளுத்த கற்கள். எர்மிலா நீண்ட கம்பால் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் அரைகுறை ஸ்பானிய மொழியில் சொன்னேன். அம்மா மன்னிப்புக் கேட்கிறார், அவருக்கு மணம் தெரியாது, அவரும் சமையற்காரிதான் என்று.

எர்மிலா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"மணம் தெரியாத ஆள் இவ்வளவு தூரம் சாப்பிடவா வந்தனி எண்டு கேக்கிறா."

"சாப்பிட இல்லை, எப்பிடிச் செய்யினம் எண்டு பாக்க வந்தனான் எண்டு சொல்லு. பொய்தான், பரவாயில்லை. இப்ப உண்மையாப் போச்சு."

எர்மிலா அம்மா உட்கார ஒரு சின்ன வாங்கை இழுத்துப் போட்டார். கற்களுக்கு நடுவே உருளைக்கிழங்குகளை அடுக்கினார். பச்சை இலைகளை அரைத்துப் பூசிய இறைச்சி, இனிப்பான வத்தாளங்கிழங்கு, தோலோடு போஞ்சி போன்ற பெரிய அவரை. மேலே இலைகள், ஈரத்துணி, கடைசியாக மண். மருமகள் சவளால் மண்ணைத் தள்ளி, புகை வந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

அம்மா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, கேள். மூடினாப் பிறகு உப்புப் பாக்க ஏலாது. மணமும் வராது. சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

நான் கேட்டேன். எர்மிலா சொன்ன பதில் ஒரு வித்தையும் இல்லாத பதில். இறைச்சிக்கு இத்தனை குவளை உப்பு என்று கணக்கு உண்டு. அரைத்த பச்சை இலையை, குழியை மூடுவதற்கு முன் மருமகள் ருசி பார்ப்பாள். அவள் சரி என்று சொல்லாமல் குழி மூடப்படாது. தன் நாக்கு வயதோடு மழுங்கிவிட்டது என்று கையை விரித்துக் காட்டினார்.

"மருமகளிட்டைக் கேக்கிறது வெக்கமில்லையாமோ?"

அதையும் கேட்டேன். எர்மிலாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னதும், பிழையான சாப்பாட்டைக் கொடுப்பதுதான் வெட்கம் என்றார்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் குழியைத் திறந்தார்கள். ஆவி எழும்ப, மற்ற மேசைகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். அம்மாவும் இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு கிழங்கை இரண்டாகப் பிட்டு, மாவு உதிர்வதை விரலால் நசுக்கிப் பார்த்துச் சாப்பிட்டார். "வெந்த பதம் திறம்" என்றார். தட்டில் ஒன்றும் மிச்சம் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில், றமேஸிடம் எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொன்னார்.

"அவர் வேறை ஆளை எடுத்தா?"

"எடுக்கட்டும். போன மாசம் சொதிக்கு எடுத்த தேங்காய்ப்பால் புளிச்சது எனக்குத் தெரியேல்லை. குசினியிலை உதவிக்கு மெலனி பக்கத்திலை நிண்டபடியால் தப்பினது. அவள் லீவிலை நிண்டிருந்தா, சனம் அதைத்தான் குடிச்சிருக்கும்."

எட்டு மாதம் அவரை அரித்தது வேலை போகும் பயம் மட்டும் இல்லை என்று அப்போது விளங்கியது.

ரொறன்ரோவுக்கு வந்து மூன்றாம் நாள், அம்மாவைக் கடையில் இறக்கிவிட்டு நானும் உள்ளே போனேன். றமேஸ் கோழி வெட்டுகிற மேசையில் சாய்ந்து நின்றார். அம்மாவோடு ஒன்பது வருடம் வேலை செய்கிற மன்னார்க்காரி மெலனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"குணமக்கா, என்ன முடிவு?"

"தம்பி, எனக்கு மணம் தெரியாது. எட்டு மாசமா. உப்பும் வடிவாத் தெரியாது."

றமேஸ் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "அப்ப இவ்வளவு நாளும்?"

"கைப்பழக்கம். அது காணாது. யூனியன்வில்லுக்கு நான் வாறன். தராசு வேணும், ஒவ்வொரு கறிக்கும் அளவை எழுதி வைப்பன். மெலனியும் வரவேணும். அவள் ருசி பாத்துச் சொல்லாமல் ஒரு சட்டியும் வெளியிலை போகாது."

"எனக்கு உப்புக் கூடத்தான் பிடிக்கும், அக்கா," என்றார் மெலனி.

"அதையும் கணக்கிலை எடுத்திட்டன்."

றமேஸ் நெற்றியைத் தேய்த்தார். "ஆக்கள் கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம், அக்கா?"

"நான் மறைச்சுப் பிறகு கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம்? வெள்ளிக்கிழமைக்கிடையிலை யோசிச்சுச் சொல்லும். இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லும், நான் கோவிக்கமாட்டன். ஆனா இனி இந்தக் குசினியிலையும் உப்பிடித்தான்."

றமேஸின் பதிலுக்குக் காத்திராமல் அம்மா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். சொதி கொதித்து அடங்கியதும், கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, மெலனியின் முன்னால் நீட்டினார்.

மெலனி றமேஸை ஒருதரம் பார்த்தார். பிறகு குடித்தார்.

"தேசிக்காய்ப் புளி காணாது."

"எவ்வளவு?"

"இன்னும் ஒரு பாதி."

அம்மா பிழிந்தார். பிறகு பேனையை எடுத்து, சுவரில் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் அந்த அளவை எழுதினார்.