நெஞ்சில் பூசிய சாயம்

என் கொழுந்தனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

எங்களிடம் இரண்டு கன்னி நாய்கள் இருக்கின்றன. நான் பிறந்த கோவில்பட்டிப் பக்கத்து வேட்டை நாய்கள். ஒல்லி உடம்பு, நீண்ட கால், கறுப்பு மேனி, கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு. ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என் கணவருக்கே குழம்பும். ஒரே வித்தியாசம், அண்ணன்காரன் நெஞ்சில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு.

ஓசூரில் நாய்க் கண்காட்சி நடக்கப் போகிறது, அதில் ஜோடிப் பிரிவும் உண்டு என்று சொன்னவன் கொழுந்தன்தான். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் வேலை அவனுக்கு. வாரக் கடைசியில் ஓசூரை ஒட்டி ஜூஜுவாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஜோடிப் பிரிவில் ஒரே ஆள் இரண்டு நாய்களையும் ஒரே வாரில் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். உருவம் ஒத்திருக்க வேண்டும், நடையும் ஒத்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் பழக்கினேன். கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, டீ கூடக் குடிக்காமல் அவர்களைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். தங்கை முன்னால் இழுப்பாள். அண்ணன் ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்காமல் நகர மாட்டான். நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் இருவரும் இரண்டு திசைக்குப் பாய்வார்கள். ஒருமுறை கீழே விழுந்து எனக்கு முழங்கைத் தோல் உரிந்தது. மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள், நான் எதுவும் சொல்லாமலே, எட்டுக் கால்களும் ஒரே சீராகத் தரையைத் தொட்டன. தெருவென்றும் பாராமல் நின்று சிரித்தேன்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். லீவு கிடைக்கவில்லை. பாதியில் பர்மிஷன் வாங்கி, சீருடையோடு ஆட்டோ பிடித்து ஓடினேன். கொழுந்தன் நாய்களைக் குளிப்பாட்டி, தூசி படாமலிருக்கத் துணிச்சட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டைகளைக் கழற்றிவிட்டு வாரை என் கையில் திணித்தான். மேலே இருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும், நெஞ்சு தெரியாது.

அற்புதமாக நடந்தார்கள். சுற்றி முடித்து நின்றதும் நடுவர் குனிந்து அண்ணன்காரனின் நெஞ்சைத் தடவினார். எடுத்த உள்ளங்கை கறுத்திருந்தது.

"இது என்னம்மா?" என்றார், கன்னட வாடையடித்த தமிழில். கைக்குட்டையை எடுத்து மறுபடி துடைத்தார். கறுப்புக்கு அடியிலிருந்து அந்தப் புள்ளி சாம்பல் நிறத்தில் எட்டிப்பார்த்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீயா?"

"தலைக்கு அடிக்கற டைதான் அண்ணி. ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்தாத்தானே பரிசு குடுப்பாங்க."

"இங்க வா. வந்து அவர்கிட்ட சொல்லு."

வந்தான். நடுவரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அண்ணிதான் சார் பூசச் சொன்னாங்க."

"நான் சொல்லல சார்," என்றேன். என் குரல் எனக்கே பொய்க்குரல் மாதிரி கேட்டது.

"அந்த வெள்ளை ஒரு குறையே இல்லம்மா," என்றார் நடுவர். "இவ்வளவு நல்லா நடந்த ஜோடி இன்னைக்கு வேற இல்ல. ஆனா சாயம் பூசினா நான் என்ன பண்ண முடியும்?" எங்கள் எண்ணைத் தாளில் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "விடு, அவன் நல்லதுக்குத்தானே செஞ்சான்," என்றார்.

"பூசினது நல்லதுக்கு. பொய் சொன்னது யார் நல்லதுக்கு?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாம் நாள் சாயம் பட்ட இடம் வீங்கி நீர் வடிந்தது. கால்நடை மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவும்போதெல்லாம் அண்ணன்காரன் முனகுவான். நான் கொழுந்தனைத் திட்டுவேன். அந்த வாரமே கம்பெனி கேன்டீனில், கூட வேலை பார்க்கும் பெண் செல்போனில் யாரோ எடுத்துப் பரப்பிய கண்காட்சி வீடியோவை நீட்டினாள். "அக்கா, இது நீங்கதானே?"

"நான்தான். ஆனா பூசினது நான் இல்ல."

தலையாட்டினாள். நம்பவில்லை என்று முகமே சொன்னது.

புண்ணைப் படமெடுத்துக் கொழுந்தனுக்கு அனுப்பினேன். நடந்ததை நடந்தபடி ஒரு வீடியோவில் சொல்லி அனுப்பு என்று கேட்டேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றான். நாய்கள் அவன்மேல் தாவி விழுந்தன. அண்ணன்காரன் அவன் கையை நக்கியதைப் பார்த்து எனக்கு அந்த நாயின் மேலும் கோபம் வந்தது.

"பாத்தீங்களா அண்ணி, இவனே மறந்துட்டான்."

"அவன் நாய்டா. நான் மனுஷி. உண்மையச் சொல்லாம இந்த வீட்ல உனக்குச் சோறு கெடையாது."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அரை மணி நேரத்தில், பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. பாதி முகம்தான் தெரிந்தது. "பூசினது நான்தான். அண்ணிக்குத் தெரியாது." அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. கண்காட்சி நடத்தியவர்களுக்கும் கேன்டீன் பெண்ணுக்கும் அதை அனுப்பினேன். அடுத்த முறை கலந்துகொள்ளலாம் என்று நடத்தியவர்களிடமிருந்து பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கணவரிடம் காட்டினேன். "அப்போ அடுத்த தடவை நாய்ங்கள யாரு அங்க கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டார்.

"நீங்கதான்," என்றேன்.