லாபிஸில் அரைத்த இந்திய மசாலா

போன மாதம் வசந்தா அக்கா போன் செய்தார்.

"உனக்கு மலாய் நல்லா வரும்ல? செகாமாட் கவர்மெண்ட் ஆபீசுக்கு ஒரு நடை என்கூட வாயேன்."

வசந்தா அக்கா மலேசியாவில் லாபிஸ் என்ற ஊரில் கறி மசாலா அரைக்கிறவர். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு கொட்டகை, ஒரு அரவை மெஷின், வேலைக்கு ஆறு பெண்கள். பெரிய கம்பெனிகளின் தூள் மலிவாக வந்து இறங்கியதிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. அரசு விடுதிச் சமையலறைகளுக்கு மசாலா கொடுக்கும் டெண்டர் கிடைத்தால் ஆறு பேருக்கும் வேலை உண்டு. கிடைக்காவிட்டால் மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவர் அக்காவின் நாத்தனார். விஷயம் எவ்வளவு சீரியஸ் என்று இப்போது புரிந்திருக்குமே!

டெண்டரில் முக்கியமான நிபந்தனை ஒன்று. பொருள் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? செகாமாட் ஆபீசில், அக்கா மேசையில் வைத்த பாக்கெட்டை டெண்டர் அதிகாரி அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோபுரம், ஒரு மாட்டு வண்டி, நடுவில் கொட்டை எழுத்தில் 'அசல் இந்தியா'. அதன் கீழே எறும்பு அளவில் 'சுவை'.

"காக், இனி பாராங் இந்தியா," என்றார். இது இந்தியச் சாமானாயிற்றே அக்கா!

"இல்ல புவான்! லாபிஸ் புன்யா! செராத்துஸ் பெர்சென் லாபிஸ்!" என்று அக்கா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். லாபிஸ் சரக்குதான் அம்மா, நூற்றுக்கு நூறு லாபிஸ்! லாபிஸ் மீது அவருக்கு இத்தனை பாசம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். பல வருஷமாக, "கப்பல்ல வந்த சரக்கா அக்கா?" என்று யார் கேட்டாலும் ஒரு சிரிப்பு மட்டும் சிரித்துவிட்டுப் பாக்கெட்டை நீட்டியவர் இவர்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் எப்படி? சேலை, நகை, ஊறுகாய்... எதுவானாலும் அங்கிருந்து வந்தது என்றால்தானே கை நீளும்! என் கையும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து உலக வர்த்தக விதிகளைக் கொஞ்சம் புரட்டினேன். தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். வெளிநாட்டுச் சரக்கு வரி கட்டி உள்ளே வந்துவிட்டால் உள்ளூர்ச் சரக்கைப் போலவே அதையும் நடத்த வேண்டும் என்று நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஆனால், அரசாங்கம் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும்போது மட்டும் அந்த விதியில் விலக்கு உண்டாம். பந்தியில் பாரபட்சம் கூடாது, வீட்டு அடுப்புக்கு என்ன வாங்குவது என்பது உன் இஷ்டம்... அவ்வளவுதான் விஷயம்.

சரி, அக்காவின் தூள் எந்த நாட்டுக்காரன்? மிளகாயும் மல்லியும் இந்தியா. பட்டை இந்தோனேசியா. மெஷின் தைவான். பாக்கெட் சீனா. லாபிஸ் மண்ணில் முளைத்தது கறிவேப்பிலை மட்டும்!

அதிகாரி அம்மா பொறுமைசாலி. அன்றைக்கே ஆபீசில், இந்த டெண்டருக்கு எங்கே விளைந்தது என்பது முக்கியமில்லை, வறுப்பதும் அரைப்பதும் கலப்பதும் இங்கே நடக்க வேண்டும் என்று விளக்கினார். மூட்டையில் வாங்கிப் பாக்கெட்டில் பிரித்துப் போடுவது செல்லாது. நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடியே வந்தார். மிளகாய் வறுபடுகிற நேரம். வாசலிலேயே ஆறேழு தும்மல்! மூக்கைத் துடைத்துக்கொண்டே அக்காவுக்குத்தான் டெண்டர் என்று கையெழுத்துப் போட்டவர், ஒரு கண்டிஷனும் போட்டார். ஒரே தூளுக்கு இரண்டு பிறந்த ஊர் இருக்கக் கூடாது. கடைக்குப் போகும் பாக்கெட்டிலும் 'இந்தியா' என்ற பேரை எடுத்துவிட வேண்டும். மீறினால் டெண்டர் ரத்து.

ஆறு பெண்களும் உட்கார்ந்து, கோபுரமும் 'அசல் இந்தியா'வும் மறையும்படி 'மலேசியத் தயாரிப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாத்தனார்தான் அதிகம் ஒட்டினார்.

பத்தே நாளில் பண்டார் தெங்காராவிலிருந்து ஹனிபா பாய் வந்துவிட்டார். அக்காவிடம் வாரா வாரம் பெட்டி பெட்டியாக எடுக்கும் மளிகைக் கடைக்காரர்.

"என்னாக்கா தூள மாத்திட்டீங்க? முன்ன மாதிரி வாசமே இல்லன்னு கஸ்டமருங்க சொல்றாங்க. அந்த இந்தியா சரக்கு இனிமே வராதா?"

"பாய், அதே தூளு, அதே மெஷினு! ஸ்டிக்கர் மட்டுந்தான் புதுசு!"

"அப்ப அந்தப் பழைய கவர்லயே குடுங்க லா. எங்க கடைக்கு மட்டும்..."

அக்கா கொஞ்சம் தடுமாறித்தான் போனார். பாய் எடுப்பது சின்ன அளவா என்ன? உள்ளே வறுத்துக்கொண்டிருந்த பெண்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"முடியாது பாய். ஆறு பேரு சோறு."

பாய் பாதிப் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பரிசா?

போன வாரம் முதல் சரக்கை விடுதியில் இறக்கினோம். நானும் கூடப் போயிருந்தேன். தலைமைச் சமையல்காரர் ஒரு மலாய் அம்மா. அன்றைக்கே மீன் கறி வைத்து, ருசி பார்த்துவிட்டு, சமையலறையே கேட்கும்படி உற்சாகமாகக் கத்தினார்.

"காக், செடாப்! நல்ல ருசி! இதுதான் அசல் இந்தியா!"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புவான்... மெதுவா சொல்லுங்க, புவான்!"