தலை முளைத்ததா?

எழுபதுகளின் கடைசியில் நான் போடி கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். ஊரே ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தட்டைப்புழுவை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுதான் இருக்கும். மலை ஓடையில் கல்லுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும். தலையை வெட்டினால் தலை முளைக்கும், வாலை வெட்டினால் வால். எல்லாத் துண்டிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான். அப்படியிருக்க இங்கே தலை, அங்கே வால் என்று உத்தரவு போடுவது எது? இந்த ஒரு கேள்விக்கு என் இளமையைக் கொடுத்தேன். அதில் பாதி ஜீப்பிலேயே கழிந்தது.

குழாய்த் தண்ணீர் அந்தப் புழுக்களுக்கு ஆகாது. ஓடைத் தண்ணீரையும் கேனில் பிடித்து மலையிலிருந்து இறக்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவேன்.

"நாங்க களை எடுக்கப் போறோம், டீச்சரக்கா புழு எடுக்கப் போறாக" என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே சிரிக்கும்.

சிரித்தவர்களாவது இடம் கொடுத்தார்கள். எங்கள் துறைத்தலைவர் அதுவும் தரவில்லை. ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் ஆய்வகத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டால் காது கேட்காது. "ஏம்மா, தலை மொளைக்கிற சோலிய அது பாத்துக்கிரும். நீங்க வெரசா பாடத்த முடிங்க" என்பார்.

மரபணுவின் உத்தரவைப் படியெடுக்க விடாமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. மதுரையிலிருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் எங்கெங்கோ கேட்டு அதில் ஒரு சிட்டிகை வாங்கித் தந்தார். தலை வெட்டிய துண்டுகளை அதில் போட்டேன். காயம் ஆறியது, தலை முளைக்கவில்லை. அடுத்து அவற்றை ஒரு கண்ணாடித் தட்டில் வெறும் ஓடைத் தண்ணீருக்கு மாற்றினேன். இப்போது முளைத்தால், உத்தரவு அழியவில்லை, காத்துக்கொண்டுதான் இருந்தது என்று பொருள். என் ஆய்வே அந்தத் தட்டில்தான் கிடந்தது. மருந்து தீர்ந்துவிட்டது. அந்தப் பருவத்தில் மேலே ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்ததில் ஓடையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் புழு இல்லை. தட்டிலிருந்தவைதான் மிச்சம்.

பேராசிரியர் பார்க்க வருவதற்கு முந்தைய மாலை, லென்சில் ஒரு துண்டின் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கண் என்றால் தலை. தூசியா என்று ஊன்றிப் பார்ப்பதற்குள் கரண்டு போய்விட்டது. நாளை அவரோடு சேர்ந்தே பார்க்கலாம் என்று பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்தேன். துறைத்தலைவர் சலவைச் சட்டையில் வாசலிலேயே நின்று வரவேற்றார். நான் நேராக லென்சுக்கு ஓடினேன். தட்டில் துண்டு எதுவும் இல்லை. வெள்ளை வெள்ளையாகக் கரைந்த சளிதான் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் பேராசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு, "தண்ணி மணக்குதே" என்றார்.

"விருந்தாளிக்கு வெறுந்தண்ணியா குடுக்குறது? ஏலத்தோலு ஊறப் போட்ட தண்ணி சார்" என்றார் துறைத்தலைவர். "வெள்ளன வந்து எங்கிட்ட இருக்க சாவியில தொறந்து பாத்தேன், இவுக தட்டுல தண்ணி வத்திக் கெடந்துச்சு. பாவம், அதுகளுக்கும் இதையே ஊத்தி விட்டேன்."

அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. ஆண்டுக்கணக்கில் அந்த மனிதர் ஒன்றும் செய்யாமல் இருந்ததால்தான் என் புழுக்கள் பிழைத்துக் கிடந்தன. முதன்முதலாக உதவி செய்தார், முடிந்துபோனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பும்போது பேராசிரியர் கேட்டார். "நேத்து என்னம்மா பாத்தே?"

"கறுப்பா ஒரு புள்ளி சார். கண்ணுதான்."

"கண்ணுதானா?"

"அப்படித்தான் தோணுது சார்."

"தோணுறத எழுத முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எண்பதுகளில், பாதி ஆய்வுக்குப் பட்டம் வாங்கினேன். மருந்தை நீக்கியபின் தலை முளைக்குமா என்பது தெரியவில்லை என்று கடைசிப் பக்கத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

முளைத்தது. நான் பார்த்தேன்.