மூன்று கோடுகள்

எர்ணாகுளத்தில் ஒரு மலையாளப் பத்திரிகையின் இணையச் செய்தித் தளத்துக்கு நான் வடிவமைப்பாளர். பெரியவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளை இழுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது. பெரிய படங்கள், குட்டி வீடியோக்கள் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். முதல் பக்கத்தில் இருந்த சரமப் பகுதியை, அதாவது இறந்தவர்களின் படமும் அடக்க நேரமும் வரும் பகுதியை, தூக்கியவளும் நான்தான். காலையில் எழுந்ததும் செத்தவர்கள் முகத்தையா பார்ப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் மூன்று கோடு போட்ட பட்டனுக்குள், 'மற்றவை' என்ற தலைப்புக்குக் கீழே அதைத் தள்ளினேன். என்ன திமிர் எனக்கு!

மட்டாஞ்சேரி வீட்டில் அப்பா தினமும் சாயா டம்ளரோடு பேப்பரைச் சரமப் பக்கத்தில்தான் திறப்பார். மாநகராட்சித் துப்புரவு வேலையில் முப்பது வருஷம் அவரோடு வண்டி தள்ளிய நண்பர், அப்பா பாஷையில் கூட்டுக்காரர், ஒருவர் கும்பளங்கியில் மகள் வீட்டில் இருந்தார். காது மந்தம், போன் எடுக்க மாட்டார். யார் முந்தினாலும் மற்றவர் வந்து ஒரு பிடி மண் போட வேண்டும் என்பது இருவருக்கும் பேச்சு. சாவுக்கு ஆள்விட்டுச் சொல்லும் வழக்கமெல்லாம் இங்கே குறைந்துவிட்டது, பேப்பரில் பார்த்துத்தான் வருவார்கள்.

புதிய தளம் வந்த அன்று அப்பாவே பேப்பர்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டார். "இனி எதுக்கு? என் மோள் உண்டாக்கின பேப்பர் போன்லயே இருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து, "கொள்ளாமே, நல்லாருக்கே! ஒங்க பேப்பர்ல இப்ப யாருமே மரிக்கறதில்லியா?" என்று கேலி செய்தார். நானும் சிரித்துவிட்டு வேலைக்கு ஓடினேன். அப்போதாவது நின்று பதில் சொல்லியிருக்கலாம், பாவி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு துப்புரவு வேலை பார்த்த ஒருவரைச் சந்தையில் பார்த்துவிட்டு அப்பா வெளிறிப்போய் வந்தார். கூட்டுக்காரரை அடக்கம் செய்து பதினெட்டு நாள் ஆகிவிட்டதாம்.

"நான் தெனமும் பாத்தேனே. வரலியே" என்று போனை என்னிடம் நீட்டினார்.

மூன்று கோட்டை அழுத்தினேன். கீழே போனதும் அந்த முகம், மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்ற வரி. அப்பா அந்த மூன்று கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது அமுக்கறதா? அழகுக்குப் போட்டிருக்குன்னுல்ல நெனச்சேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

கும்பளங்கி சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடி சிமென்ட் பூசியிருந்தார்கள். அப்பா ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். போட இடமில்லை. கையை மூடியபடியே நின்றார். அப்புறம் சிமென்டின் மேலேயே மெல்ல வைத்துவிட்டு, காது மந்தமானவரிடம் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னார்:

"டேய், மோளை ஒண்ணும் நெனைக்காதே. அவ நல்லாத்தான் உண்டாக்கியிருக்கா. எனக்குத்தான் பாக்கத் தெரியல."